கடல் இலவசம், கரைக்குத்தான் காசு

பாரோஸ் தீவுக்குப் போகும் செலவுக் கணக்கு ஏதென்ஸில் தொடங்குவதில்லை. இங்கே சென்னையிலேயே, விசா விண்ணப்பத்தில் தொடங்கிவிடுகிறது. ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கு 90 யூரோ. 2024 ஜூன் வரை 80 ஆக இருந்தது. 6 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 45. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. கணக்குப் போட வசதியாக யூரோவை 100 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, பத்து வயதில் ஒரு பிள்ளை என்றால் 225 யூரோ, அதாவது 22,500 ரூபாய். விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்பி வராது.

கிரேக்கத் தீவு என்றதும் சான்டோரினிதான் எல்லோர் வாயிலும் வரும். பாரோஸை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அது எண்ணி முடிக்கக்கூடிய அளவில் இருப்பதுதான். பரப்பு 196 சதுர கி.மீ. நீளம் 21 கி.மீ., அகலம் 16. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 14,500 பேர். மேற்கே துறைமுக ஊரான பரிக்யா, வடக்கே மீன்பிடி ஊரான நவுசா, கிழக்கே பீசோ லிவாதி, தெற்கே ட்ரியோஸ், அலிகி. கரையோரமாகவே ஒரு சுற்று வந்தால் இத்தனையையும் பார்த்துவிடலாம்.

ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து பெரிய கப்பலில் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். சாதாரண டிக்கெட் 45 யூரோவை ஒட்டி இருக்கும். வேகப் படகில் ஒரு மணி நேரம் மிச்சம். ஆனால் கட்டணம் 70, 80 என்று ஏறிவிடும். மிச்சமாகும் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஆளுக்கு 3,000 ரூபாய் என்பது என் கணக்கில் தண்டச் செலவு. வேகப் படகில் வெளித்தளத்தில் நின்று காற்று வாங்கவும் பெரும்பாலும் முடியாது. பெரிய கப்பல்களில் ஒன்றான புளூ ஸ்டார் டெலோஸ் 2,400 பேரை ஏற்றும். தீவின் மொத்த ஜனத்தில் ஆறில் ஒரு பங்கு ஒரே கப்பலில் வந்து இறங்கலாம்.

இறங்குவதே ஒரு காட்சி. கப்பல் பின்பக்கமாகத் துறைக்கு வருகிறது. கீழே வண்டிகள் நிற்கும் தளத்தில் லாரிப் புகைக்கு நடுவே ஜனம் மூட்டை முடிச்சோடு காத்திருக்கிறது. பெட்டி வைக்கும் அடுக்குகளில் பாரோஸ், நக்ஸோஸ், சான்டோரினி என்று தீவின் பெயர் எழுதியிருக்கும். தப்பான அடுக்கில் வைத்தவர்கள் அந்த நெரிசலில்தான் தேடுவார்கள். சங்கிலி கடகடக்கப் பாலம் இறங்கியதும் ஒரே தள்ளுமுள்ளு. சில நிமிடத்தில் கப்பல் மறுபடி கிளம்பிவிடும். இந்தக் கப்பல்களில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்கு அரசே உச்சவிலை வைத்திருக்கிறது: 50 சென்ட். துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் அதே விலைதான். பயணம் முழுக்க இவ்வளவு நியாயமான விலையை இன்னொரு பொருளுக்குப் பார்க்க முடியாது.

அறைக்கு வருவோம். வாடகைக்கு மேலே அரசு ஒரு கட்டணம் வாங்குகிறது. 2023 செப்டம்பரில் டேனியல் புயல் தெசலி சமவெளியை மூழ்கடித்த பிறகு, 2024 தொடக்கத்திலிருந்து வந்தது இது. பேரிடர்ச் செலவுக்கான வரி. 2025இல் உயர்த்தினார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓர் இரவுக்கு, ஓர் அறைக்கு: வீட்டுக்காரர்கள் நடத்தும் வாடகை அறை என்றால் 2 யூரோ, மூன்று நட்சத்திர ஹோட்டல் 5, நான்கு நட்சத்திரம் 10, ஐந்து நட்சத்திரம் 15. ஏர்பிஎன்பி மாதிரியான குறுகிய கால வாடகை வீட்டுக்கு 8. ஐந்து இரவு தங்கினால் வாடகை அறையில் 10 யூரோ, ஏர்பிஎன்பியில் 40. முன்பதிவு செய்யும்போது பெரும்பாலும் இது விலையில் சேர்ந்திருக்காது, அங்கே போய்த்தான் கட்ட வேண்டும். வீட்டுச் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு எங்கோ ஏதென்ஸில் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்கு 8, மாடியில் குடியிருந்துகொண்டே கீழ் அறைகளை விடும் குடும்பத்துக்கு 2 என்ற இந்த ஏற்பாடு எனக்குச் சரியாகத்தான் படுகிறது. செப்டம்பரில் அப்படிப்பட்ட அறை 60 முதல் 90 யூரோவுக்குள் கிடைக்கும். ஆகஸ்டில் அதே கட்டில், அதே ஜன்னல், விலை மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பு.

பேரிடர் வரி வெற்றுப் பேச்சில்லை என்பதற்கு பாரோஸே சாட்சி. 2025 மார்ச் 31 அன்று சில மணி நேரத்தில் கொட்டிய மழையில் நவுசாவின் சந்துகள் ஆறாக ஓடின, நிறுத்தியிருந்த கார்களை வெள்ளம் கடலுக்கே இழுத்துப் போனது.

உல்லாசக் கப்பலில் வருபவர்களுக்கும் 2025 ஜூலையிலிருந்து தலைக்கட்டணம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மைகோனோஸிலும் சான்டோரினியிலும் 20 யூரோ, பாரோஸில் 5. சாப்பாட்டு ரசீதில் 13 சதவீத மதிப்புக் கூட்டு வரி, மதுவுக்கு 24. தீவுகள் என்பதற்காக முன்பு வரி விகிதத்தில் 30 சதவீதத் தள்ளுபடி இருந்தது. கடன் நெருக்கடியின்போது அதை எடுத்தார்கள். 2015 அக்டோபர் 1 அன்று முதலில் பறிகொடுத்த தீவுகளின் பட்டியலில் பாரோஸும் இருந்தது. ஏதென்ஸிலிருந்து தக்காளி கப்பலேறி வருகிறது, வரி மட்டும் ஏதென்ஸ் வரியேதான்.

இனிக் கடல். கிரேக்கச் சட்டப்படி கடற்கரை பொதுச்சொத்து. யாரும் கதவு போட்டு டிக்கெட் வாங்க முடியாது. ஆனால் குத்தகை எடுத்து, சாய்வுப் படுக்கையும் குடையும் போட்டு வாடகைக்கு விடலாம். எடுத்தது ஒரு மடங்கு, விரித்தது இரண்டு மடங்கு என்றாகி, 2023 கோடையில் பாரோஸின் சில கடற்கரைகளில் சாதாரண ஜனம் துண்டு விரிக்க இடமில்லாமல் போனது. முதல் வரிசையில் இரண்டு படுக்கையும் ஒரு குடையும் நாளுக்கு 100 யூரோவைத் தொட்டதாக அப்போது செய்திகள் வந்தன. ஜூலையில் தீவுக்காரர்கள் கையில் துண்டோடு கரையில் இறங்கி ஊர்வலம் போனார்கள். துண்டு இயக்கம் என்றே பெயர் வந்து, மற்ற தீவுகளுக்கும் பரவியது. பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்து வளர்ந்த நமக்கு இந்தப் போராட்டத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதன் பலன் 2024இல் வந்த சட்டம். கரையில் பாதியாவது காலியாக இருக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட இடங்களில் 70 சதவீதம். தண்ணீர் விளிம்பிலிருந்து 4 மீட்டருக்குள் படுக்கை கூடாது. 4 மீட்டர் அகலம்கூட இல்லாத கரையில் குத்தகையே கிடையாது. மீறினால் அபராதம் 2,000 முதல் 60,000 யூரோ வரை. புகார் சொல்லக் கைபேசிச் செயலி, மேலிருந்து பார்க்க ட்ரோன். நல்ல சட்டம்தான், ஆனால் ஒரு கூட்டல் போட்டுப் பாருங்கள். 100 யூரோ ஜோடி 50 போட்டு, ஜூலையும் ஆகஸ்டும் 62 நாளும் நிறைந்தால் வரவு 3,10,000 யூரோ. குறைந்தபட்ச அபராதமான 2,000 என்பது அதில் 20 ஜோடிக்கு ஒரு நாள் வாடகை. கீழ் வரம்பைப் போட்டுவிட்டு அதிகாரி போய்விட்டால் கடைக்காரர் அதைச் செலவுப் பட்டியலில் சேர்த்துவிடுவார். எனவே காலி இடமாகத் தேடிப் போக வேண்டியது நம் பொறுப்பு. கொலிம்பித்ரெஸ் கடற்கரையில் காற்றும் அலையும் குடைந்த கருங்கற் பாறைகளுக்கு நடுவே சிறு சிறு மணல் திட்டுகள். அங்கேயும் படுக்கைகள் உண்டு, பாறைக்கு மறுபக்கம் துண்டு விரிக்க இடமும் உண்டு. அதற்குச் செலவு பூஜ்யம். ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து அடிக்கும் மெல்டெமி காற்று குடையையே பிடுங்கும் என்பதால், 100 யூரோ கொடுத்தவரும் சில நாள் மணலைத்தான் தின்பார்.

நவுசா துறையில் ஆக்டோபஸைக் கொடியில் துணி காயப்போடுவது போலத் தொங்கவிட்டிருப்பார்கள். கானாங்கெளுத்தியைப் பிளந்து, உப்பும் மசாலாவும் தடவி, ஒரு நாள் வெயிலில் காயவைத்துச் சுடுவது கூனா. நம் கருவாட்டுக்கு முந்தைய கட்டம் என்று சொல்லலாம். இங்கே பெரிய மீனுக்கு விலை தட்டுக்கு இல்லை, கிலோவுக்கு. பட்டியலில் 60, 70 என்று பார்த்துவிட்டுத் தட்டின் விலை என்று நினைத்தால் ஆபத்தில்லை. அப்படி நினைத்துக்கொண்டு நாலு பேருக்கு இரண்டு கிலோ மீன் சொன்னால்தான் ஆபத்து. உள்ளே போய் மீனைக் காட்டச் சொல்லி, எதிரிலேயே எடை போடச் சொல்வது அங்கே வழக்கம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 400 கிராம் மீன், கிலோ 70 என்றால் 28 யூரோ. நெத்திலி வறுவல் தட்டு 10 யூரோவை ஒட்டி. கடையின் சொந்த ஒயினும் லிட்டரில் இல்லை: அரைக் கிலோ, கால் கிலோ என்றுதான் கேட்க வேண்டும்.

அந்த மீனைப் பிடித்து வந்த மரப் படகுகள் குறைந்துகொண்டே போகின்றன. மீன்வளம் குறைகிறது என்று 1990களிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் உரிமத்தைத் திருப்பித் தருபவர்களுக்குப் பணம் கொடுத்தது. நிபந்தனை, படகை உடைத்துவிட வேண்டும். கிரேக்கம் முழுக்க 12,000க்கும் மேற்பட்ட படகுகள் அப்படிப் போயின. மீன் பிடிக்க மட்டும் உதவிய படகுகள் அல்ல அவை. 2000 செப்டம்பர் 26 இரவு, 1966இல் கட்டிய எக்ஸ்பிரஸ் சமினா என்ற கப்பல் பரிக்யாவுக்கு இரண்டு கடல்மைல் தொலைவில் போர்டெஸ் பாறைகளில் மோதி மூழ்கியது. இருந்தவர்கள் 500க்கும் மேல், இறந்தவர்கள் 80க்கும் மேல். இருட்டில், பெருங்காற்றில், முதலில் போய்ச் சேர்ந்து ஆட்களைத் தூக்கியவை பாரோஸின் மீன்பிடிப் படகுகள். படகுக்கு நஷ்டஈடு கணக்கிட்டவர்களின் பட்டியலில் இதற்குத் தனிப் பத்தி இருந்திருக்காது.

பரிக்யாவில் காசில்லாமல் பார்ப்பதற்கே ஒரு நாள் வேண்டும். 13ஆம் நூற்றாண்டுக் கோட்டைச் சுவரில், உடைத்த பழைய கோயிலின் தூண் துண்டுகளைப் படுக்க வைத்து அடுக்கியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வட்ட வட்டமாகப் பளிங்கு முகங்கள் தெரியும். நூறு வாசல் மாதா கோயிலான எகடோன்டாபிலியானிக்கு 99 வாசல்தான் கண்ணுக்குத் தெரியும் என்பது ஊர்க் கதை. கான்ஸ்டான்டிநோபிள் மறுபடி கிரேக்கர் கைக்கு வரும்போது நூறாவது திறக்குமாம். ஆகஸ்ட் 15 மாதா திருவிழாவன்று எத்தனை வாசல் இருந்தாலும் போதாது.

இனிப் பளிங்கு. தீவின் மராத்தி என்ற இடத்தில் மலைக்குள் சுரங்கம் தோண்டி, விளக்கொளியில் வெட்டியெடுத்த கல் இது. வீனஸ் டி மைலோ சிலை பாரோஸ் பளிங்கு. அதைப் பாரிஸின் லூவ்ரில் பார்க்க, 2026 ஜனவரியிலிருந்து நம்மைப் போன்ற ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு 32 யூரோ. தீவின் கணக்கேடே ஒரு பளிங்குப் பலகைதான்: பாரோஸ் ஆண்டுக் குறிப்பு. கி.மு. 264இலிருந்து பின்னோக்கி எண்ணி, 1,300 ஆண்டுக்கு மேற்பட்ட சம்பவங்களை வரிசைப்படுத்தியிருக்கிறது. அதன் பெரிய துண்டு 17ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்துக்குப் போய், இன்று ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியனில் இருக்கிறது. 1897இல் கிடைத்த சின்னத் துண்டு பரிக்யா அருங்காட்சியகத்தில்.

ஊர் சுற்றப் பேருந்தே போதும். பரிக்யாவிலிருந்து நவுசா 10 கி.மீ. சொச்சம், டிக்கெட் இரண்டு மூன்று யூரோவுக்குள். பூண்டா துறையிலிருந்து அன்டிபாரோஸ் தீவுக்குப் பத்து நிமிடப் படகு. அங்கே குகைக்குள் இறங்க 411 படி, ஏறவும் அதே 411. மாதம் எது என்று என்னைக் கேட்டால் செப்டம்பர் பாதிக்கு மேல்: தண்ணீர் இன்னும் குளிர்ந்திருக்காது, காற்று தணிந்திருக்கும், அறைக்காரர் பேரத்துக்கு வருவார்.

கடைசியாக ஒரு வார்த்தை. கடைகளிலும் தாவெர்னா எனும் உணவகங்களிலும் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கும்: ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் தர வேண்டியதில்லை. சட்டமே அது. ரசீதைக் கேட்டு வாங்குங்கள். மீனின் எடை, கிலோ விலை, கேட்காமல் வந்த ரொட்டி மூன்றையும் சரிபார்த்துவிட்டுப் பையைத் திறங்கள்.