டீல் இழுத்துக்கிட்டே போனா நம்ம ஷேருக்கு என்ன ஆகும்? கெய்ர்ன் இந்தியா கதை

போன வீடியோவுல போஸ்டல் பேலட் பத்தி ஒரு வரி சொல்லிட்டு ஓடிட்டேன். இன்னைக்கு அதை விலாவரியா பார்த்துடலாம்.

2011ல நான் கோயம்புத்தூர்ல ஆர்ட்டிகிள்ஷிப்ல இருந்தேன். பொள்ளாச்சி பக்கம் தோப்பு வெச்சிருக்கற ஒரு பெரியவர் ஒரு கவரோட ஆபீஸ் வந்தார். "தம்பி, பேலட்டுன்னு போட்டிருக்குது, எலெக்சனுங்களா?" அவர்கிட்ட கெய்ர்ன் இந்தியா ஷேர் 100 இருந்தது. ஐபிஓவுல 160 ரூபாய்க்கு வாங்கினது.

விஷயம் இதுதான். ராஜஸ்தான் பார்மர்ல எண்ணெய் எடுக்கற அந்தக் கம்பெனியை, அதோட பிரிட்டிஷ் தாய் நிறுவனமான கெய்ர்ன் எனர்ஜி, வேதாந்தாவுக்கு விக்கறதா 2010 ஆகஸ்ட்ல அறிவிச்சது. ஷேருக்கு 355 ரூபாய், கூடவே போட்டித் தொழில் செய்ய மாட்டோம்ங்கறதுக்கு 50 ரூபாய். ஆனா மத்திய அரசு ஒப்புதல் வரணும். அது மாசக்கணக்கா வரவே இல்லை.

காரணம் ராயல்டி. வயல்ல கெய்ர்ன் பங்கு 70%, ஓஎன்ஜிசி பங்கு 30%. ஆனா 1995ல போட்ட ஒப்பந்தப்படி ராயல்டி முழுசையும் ஓஎன்ஜிசியே கட்டணும். 100 ரூபாய் எண்ணெய்க்கு ராயல்டி 20 ரூபாய்னு வெச்சுக்கோங்க. 30 ரூபாய் பங்குக்காரர் 20 ரூபாய் கட்டறார், 70 ரூபாய்க்காரர் ஒண்ணுமே கட்டலை. ஓஎன்ஜிசி கோபப்பட்டதுல நியாயம் இருக்குன்னுதான் நான் சொல்வேன்.

2011 ஜூன் 30 அன்னைக்கு அரசு நிபந்தனையோட ஒப்புதல் கொடுத்தது. ராயல்டியை முதல்ல செலவா கழிச்சிட்டு, மீதியைத்தான் பங்கு போடணும். செஸ் வழக்கையும் வாபஸ் வாங்கணும். சுமை முழுசும் கெய்ர்ன் தலையில விழாது, அரசோட லாபப் பங்கும் கொஞ்சம் குறையும். ஆனா கெய்ர்ன் இந்தியாவோட லாபம் அடி வாங்கறது நிச்சயம்.

இங்கதான் பிரஷர் யாருக்குன்னு பாருங்க. விக்கறவருக்குப் பணம் கைக்கு வரணும், வாங்கறவருக்குக் கம்பெனி வேணும். காத்திருந்து ரெண்டு பேருமே களைச்சுப் போயிருந்தாங்க. அந்த 50 ரூபாயையும் விட்டுட்டாங்க. அதாவது விக்கறவருக்கும் இழப்புதான், ஆனா அவர் காசோட வெளிய போறார். ராயல்டி சுமை உள்ள இருக்கறவங்களுக்கு. வேதாந்தாவோட 355 ரூபாய் ஓப்பன் ஆஃபர், ராயல்டி முடிவு வர்றதுக்கு முன்னாடியே ஏப்ரல்ல முடிஞ்சுபோச்சு.

பெரியவர் கையில இருந்த பேலட் இந்த நிபந்தனையை ஏத்துக்கலாமான்னு கேட்டதுதான். அப்போ விக்கறவர், வாங்கறவர் ரெண்டு பேர்கிட்டயும் சேர்த்து கிட்டத்தட்ட 80% ஷேர். ரிசல்ட் என்ன வரும்னு கேக்கவே வேண்டாம். செப்டம்பர்ல பாஸ் ஆச்சு, டிசம்பர்ல டீல் முடிஞ்சது.

இதோட கதை முடியலை. 2015 ஜூன்ல வேதாந்தா, கெய்ர்ன் இந்தியாவைத் தன்னோடயே இணைக்கறதா சொன்னது. ஒரு ஷேருக்கு ஒரு வேதாந்தா ஷேர், கூட 10 ரூபாய் முகமதிப்புல ஒரு பிரிஃபரன்ஸ் ஷேர். பப்ளிக் ஷேர்ஹோல்டர்கள் முகம் சுளிச்சாங்க. இந்தத் தடவை ஒரு வித்தியாசம் இருந்தது. 2013ல செபி கொண்டுவந்த விதிப்படி, இந்த மாதிரி இணைப்புக்கு புரமோட்டர் ஓட்டு மட்டும் பத்தாது. பப்ளிக் ஓட்டுல ஆதரவு எதிர்ப்பைவிட அதிகமா இருக்கணும். எல்ஐசி கையில சுமார் 9% இருந்தது. ஒரு வருஷம் இழுத்து, 2016 ஜூலைல வேதாந்தா ஒண்ணுக்குப் பதிலா நாலு பிரிஃபரன்ஸ் ஷேர் தர்றதா இறங்கி வந்தது. செப்டம்பர்ல ஓட்டுல பாஸ் ஆச்சு.

அதனால தாமதம்னாலே நஷ்டம்னு பயந்து விக்காதீங்க. முதல்ல அந்த ஓட்டுல புரமோட்டர் கணக்குல வர்றாரா இல்லையான்னு நோட்டீஸ்ல பாருங்க. இப்போ கவர் வராது, என்எஸ்டிஎல் இல்லேன்னா சிடிஎஸ்எல்ல இருந்து இ-வோட்டிங் மெயில் வரும். ஸ்பேம் ஃபோல்டரையும் ஒரு எட்டு பார்த்துடுங்க.

பெரியவர் 2018 கடைசில போன் பண்ணார். பிரிஃபரன்ஸ் ஷேர் மெச்சூர் ஆகி பேங்க்ல 4,000 ரூபாய் விழுந்திருக்கு, "இது எதுக்குங்க தம்பி வந்துது?"ன்னு கேட்டார். பழைய ஆஃபர்படி 1,000தான் வந்திருக்கும்னு சொன்னேன். "அப்ப அந்த மூவாயிரம் யாரு குடுத்ததுங்க?"