ஃபோர்ட் கொச்சிக்கு ஒருநாள் படகுப் பயணம்: 40 ரூபாய் படகா, பழைய படகா? ஏறும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

கோவையில் காலை ரயில் ஏறினால் சுமார் 4 மணி நேரத்தில் எர்ணாகுளம். அங்கிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு பஸ்ஸும் இருக்கு, ஆட்டோவும் இருக்கு. ஆனா இந்த ஊர் உருவானதே தண்ணியால்தான். அதனால படகில் போவதே சரி.

எந்தப் படகு?

இரண்டு வழி. ஒன்று, கேரள அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் பழைய படகு. உள்ளூர்க்காரர்கள் தினமும் வேலைக்குப் போய் வருவது இதில்தான், டிக்கெட் சில ரூபாய். இன்னொன்று வாட்டர் மெட்ரோ. உயர் நீதிமன்ற ஜெட்டியிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு 2024 ஏப்ரலில் தொடங்கிய இந்த வழித்தடத்தில் கட்டணம் 40 ரூபாய், பயணம் சுமார் 20 நிமிடம். கொச்சின் ஷிப்யார்டில் கட்டிய, பேட்டரியில் ஓடும் ஏசி படகு.

ஒரு படகில் 100 பேர் ஏறலாம். அதில் பாதிப் பேருக்குத்தான் சீட். கேட்டிலேயே ஆட்களை எண்ணி விடுவார்கள். கணக்கு முடிந்தால் அடுத்த படகுதான். 'இன்னும் ரெண்டு பேர்தானே' என்று கெஞ்சிப் பலனில்லை.

ஏன் இவ்வளவு கறார்?

காரணம் இருக்கு. 2015 ஆகஸ்ட் 26 அன்று, வைப்பின் தீவிலிருந்து வந்த படகு ஃபோர்ட் கொச்சி ஜெட்டிக்கு அருகே மீன்பிடிப் படகுடன் மோதி உடைந்தது. 11 பேர் உயிரிழந்தார்கள். கரை கண்ணுக்கு எதிரே இருந்தது.

வாட்டர் மெட்ரோ சேவை 2023 ஏப்ரல் 25-ல் தொடங்கி 12 நாள்கூட தாண்டவில்லை. மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில், மீன்பிடிப் படகை மாற்றி ஓட்டிய சுற்றுலாப் படகு, அளவுக்கு மேல் ஆட்களோடு கவிழ்ந்து 22 பேர் பலியானார்கள். பல குழந்தைகளும் அதில் அடக்கம்.

அதனால் எந்தப் படகானாலும் ஏறியதும் லைஃப் ஜாக்கெட் எங்கே என்று பாருங்க. செல்ஃபிக்காக எல்லாரும் ஒரே பக்கம் சாய வேண்டாம்.

தண்ணியில் என்ன தெரியும்?

இடது பக்கம் வில்லிங்டன் தீவு. இது இயற்கைத் தீவு இல்லை, தூர்வாரிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய நிலம். 1920-ல் சென்னை கவர்னராக இருந்த வில்லிங்டன் அனுப்பிய பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, துறைமுக வாயிலை அடைத்திருந்த மணல்திட்டை வெட்டி, பெரிய கப்பல்கள் உள்ளே வர வழி செய்தார். வலது பக்கம் வல்லார்பாடம் கண்டெய்னர் முனையத்தின் ராட்சத கிரேன்கள்.

துறைமுகம் உருவான கதை அதைவிடப் பழசு. 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் வடக்கே இருந்த பழைய துறைமுகத்தை மண்ணால் மூடி, கொச்சியில் கடலுக்கு வழி திறந்துவிட்டது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. சங்க இலக்கியத்தில் வரும் முசிறி இருந்ததும் அந்த வடக்குப் பக்கம்தான்.

இறங்கியதும்?

ஜெட்டியிலிருந்து நடக்கும் தூரத்தில் சீன வலைகள். கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, நாலைந்து பேர் சேர்ந்து இழுக்கும் வலை. இப்போ மீனைவிட கேமராதான் அதிகம். கொஞ்சம் தள்ளி செயின்ட் பிரான்சிஸ் தேவாலயம். 1524-ல் கொச்சியில் இறந்த வாஸ்கோடகாமாவை முதலில் அடக்கம் செய்த இடம் இது. பிறகு உடல் போர்ச்சுக்கலுக்குக் கொண்டு போகப்பட்டது, கல்லறைக் குறி மட்டும் இருக்கு.

போர்ச்சுகீசியர், 1663-ல் டச்சுக்காரர், 1795-ல் ஆங்கிலேயர் என்று கைமாறிய இந்த ஊர், 1956-ல் கேரளம் பிறக்கும் வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பக்கத்திலேயே உள்ள மட்டாஞ்சேரியோ கொச்சி ராஜாவின் சமஸ்தானம்.

எந்த நாள் போகக் கூடாது?

பலர் கோட்டை விடுவது இங்கேதான். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. 1568-ல் கட்டிய யூத ஜெப ஆலயம் சனிக்கிழமை திறக்காது, வெள்ளி மதியத்துக்கு மேலும் நம்ப முடியாது. இரண்டையும் பார்க்கணும்னா இந்த இரண்டு நாளையும் தவிர்த்திடுங்க.

ஞாயிறு போகலாம், ஆனா சூரிய அஸ்தமனம் பார்த்த கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் ஜெட்டிக்குத் திரும்பும். ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் போட்டவர்கள் இருட்டும் முன்பே வரிசையில் நின்றுவிடுவது நல்லது. வரிசை நீளமாக இருந்தால் காத்திருக்க வேண்டாம், தோப்பும்படி வழியாக எர்ணாகுளத்துக்கு பஸ் இருக்கு.