உங்களுக்குத் தெரியுமா? அணு மருத்துவ ஸ்கேன்: கதிர் வருவது உங்களிடமிருந்து!

எக்ஸ்ரேயிலும் சி.டி.யிலும் கதிர் இயந்திரத்திலிருந்து வருகிறது. அணு மருத்துவ ஸ்கேனில் கதிர் கிளம்புவது நரம்பில் ஏற்றிய மருந்திலிருந்து, அதாவது உங்கள் உடம்பிலிருந்து. காமா கேமரா அதை வாங்கிக்கொள்வதோடு சரி. ஆகவே ‘படம் சரியா வரலை, இன்னொரு தடவை படுங்க’ என்றால் பதற வேண்டாம், கதிர்வீச்சு அதிகமாகாது. கூடவே சி.டி.யும் எடுத்தால் மட்டும் அது தனிக் கணக்கு.

எலும்பு, இதயம், சிறுநீரகம் என்று பெரும்பாலான ஸ்கேன்களுக்கு டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள்தான். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகும். ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்கு. சிறுநீரில் வெளியேறுவது வேறு. ‘நிறையத் தண்ணி குடிங்க, அடிக்கடி பாத்ரூம் போங்க’ என்று நர்ஸ் விரட்டுவது இதற்காகவே.

டெக்னீசியத்தை முதன்முதலில் அடையாளம் கண்டது 1937இல், இத்தாலியின் பலெர்மோ நகரில். பெர்க்லி சைக்ளோட்ரானில் அடிபட்ட ஒரு மாலிப்டினத் தகடு தபாலில் வந்து சேர, எமிலியோ செக்ரேயும் கார்லோ பெரியரும் அதிலிருந்து பிரித்தார்கள். மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம்.

இன்றும் அது மாலிப்டினம்-99இலிருந்துதான் கிடைக்கிறது. 2009 மே மாதம், அந்த மாலிப்டினத்தைத் தயாரித்துவந்த கனடாவின் சாக் ரிவர் அணு உலை பழுதாகி ஓராண்டுக்கு மேல் மூடிக் கிடந்தது. பல நாடுகளில் ஸ்கேன்கள் தள்ளிப்போயின.

இன்னொரு வகை அணு மருத்துவ ஸ்கேனான பெட் (PET) ஸ்கேனுக்குத் தாமதமாகப் போகாதீர்கள். அதில் ஏற்றும் எஃப்.டி.ஜி. மருந்து 110 நிமிடத்தில் பாதி வீரியம் இழந்துவிடும். உங்கள் நேரத்துக்கென்று அளந்து வரவழைத்தது. நீங்கள் டிராஃபிக்கில் நிற்கும்போதும் அது தேய்ந்துகொண்டிருக்கும்.

எஃப்.டி.ஜி. என்பது சர்க்கரைக்கு ஒன்றுவிட்ட தம்பி. எந்தத் திசு சர்க்கரையை அள்ளித் தின்கிறதோ அது படத்தில் பளிச்சிடும். புற்றுக்கட்டி மட்டுமா? ஊசி போட்ட பின் தொணதொணவென்று பேசினால் குரல்வளைத் தசை, சூயிங்கம் மென்றால் தாடைத் தசை, முந்தின நாள் ஜிம்முக்குப் போயிருந்தால் தொடைத் தசை. ஏ.சி. அறையில் குளிர்ந்து நடுங்கினால் கழுத்தோரப் பழுப்புக் கொழுப்புகூட ஒளிரும். ஒரு மணி நேரம் போர்வையைப் போர்த்தி, வாயை மூடி, சும்மா படுக்கச் சொல்வது இதனால்தான். காரணத்தைச் சொல்லாமல் ‘பேசாதீங்க’ என்று அதட்டும் இடங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ரத்தச் சர்க்கரை 200க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் வேறு தேதி தருவார்கள். நீரிழிவுக்காரர்கள் இன்சுலின், மாத்திரை பற்றி முன்னாலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லா ஸ்கேனுக்கும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. எலும்பு ஸ்கேனுக்கு வயிறாரச் சாப்பிட்டுவிட்டே போகலாம்.

‘தாலியம் டெஸ்ட்’ என்று பழக்கத்தில் சொன்னாலும், இதய ஸ்கேனில் இப்போது பெரும்பாலும் டெக்னீசியம்தான். நடக்க முடியாதவர்களுக்கு டிரெட்மில்லுக்குப் பதில் அடினோசின் போன்ற மருந்து ஏற்றுவார்கள். அதற்கு முந்தின நாளே காபி, டீ, சாக்லேட், கோலா எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார்கள். கஃபீன் அந்த மருந்தை வேலை செய்ய விடாது. ‘அரை டம்ளர்தானே’ என்பது எடுபடாது. சில தலைவலி மாத்திரைகளிலும் கஃபீன் இருக்கிறது, அட்டையைப் பாருங்கள்.

இரைப்பை எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்று பார்க்க ஊசியே வேண்டாம். மருந்து கலந்த உணவைச் சாப்பிட்டால் போதும். அமெரிக்கத் தரமுறைப்படி முட்டை வெள்ளைக்கரு, ரொட்டி, ஜாம். நம் ஊர்ப்பக்கம் இட்லியில் கலந்து கொடுப்பதும் உண்டு. நான்கு மணி நேரம் கழித்தும் பத்து சதவீதத்துக்கு மேல் தங்கியிருந்தால் இரைப்பை மந்தம்.

தைராய்டு ஸ்கேனுக்குச் சில வாரங்களுக்கு முன் அயோடின் மருந்து ஏற்றி சி.டி. எடுத்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். சுரப்பி ஏற்கெனவே அயோடினால் நிரம்பியிருந்தால் ஸ்கேன் மருந்தைச் சரியாக வாங்காது.

கர்ப்பம் என்ற சந்தேகம் இருந்தாலே ஊசிக்கு முன் சொல்லிவிட வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவர்களும்தான். டெக்னீசியம் என்றால் மருந்தைப் பொறுத்துச் சில மணி நேர இடைவெளி போதும். அயோடின்-131 என்றால் அந்தக் குழந்தைக்குத் தாய்ப்பாலை அடியோடு நிறுத்த வேண்டியிருக்கும்.

ஸ்கேன் முடிந்து விமானம் ஏறுகிறவர்கள் ஆஸ்பத்திரியில் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில விமான நிலையங்களின் கதிர்வீச்சுக் கருவிகள் மிகச் சிறிய அளவுக்கும் அலறும்; தாலியமோ அயோடினோ ஏற்றியிருந்தால் பல நாள் கழித்தும்கூட.