பாட்டியின் பாம்படம் எங்கே?
போட்டோவில் ஆளை வெட்டியெடுக்கும் வித்தை

கரிசல் சீமையில் பல வீடுகளில் பாட்டிக்கு ஒரே ஒரு போட்டோதான் இருக்கும். கலியாண வீட்டில் நாலு பேரோடு நின்றபோது எடுத்ததாக இருக்கும். பாட்டி காலமானதும் அதைக் கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டு போவார்கள். "இவரை மட்டும் தனியாக எடுத்து, பின்னால் நீல நிறம் போட்டுக் கொடுங்கள்" என்பார்கள்.

சுலபமான வேலைதானே? இல்லை! பாட்டி காது வளர்த்துப் பாம்படம் போட்டவர். தொங்கும் காதின் வளையத்துக்குள்ளே பழைய பந்தல் தெரியும். அவசரமாக வெட்டினால் சுற்றிலும் நீலம் வந்துவிடும். காது வளையத்துக்குள் மட்டும் பந்தல் துண்டு அப்படியே நிற்கும். இது ஏன்?

வடையும் இரண்டு கோடும்

ஒரு தாளில் உளுந்த வடை வரையுங்கள். வெளியே ஒரு வட்டம், நடுவே ஒரு சிறு வட்டம். இரண்டுக்கும் இடையில் இருப்பதுதான் வடை. வெளிக்கோட்டை மட்டும் கொடுத்தால் கம்ப்யூட்டர் உளுந்த வடையை ஆமவடை ஆக்கிவிடும்! ஓட்டைக்கும் ஒரு கோடு வேண்டும். இரண்டையும் பிணைத்து ஒரே உருவம் ஆக்க வேண்டும். இதற்குத்தான் 'காம்பவுண்ட் பாத்' என்று பெயர். கூட்டுக்கோடு என்று நாம் சொல்லலாம்.

எது உள்ளே, எது வெளியே என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? அதற்கு ஒரு கணக்கு உண்டு. ஓர் இடத்திலிருந்து படத்துக்கு வெளியே வர எத்தனை கோடுகளைத் தாண்ட வேண்டும் என்று எண்ணும். ஒற்றைப்படை என்றால் அந்த இடம் உள்ளே. இரட்டைப்படை என்றால் வெளியே. வடையின் ஓட்டையிலிருந்து வர இரண்டு கோடுகளைத் தாண்ட வேண்டும். ஆகவே ஓட்டை வெளியே!

எழுத்துகளும் இப்படியே. 'ப' என்ற எழுத்துக்கு ஒரு கோடு போதும். 'ம' என்ற எழுத்துக்கு உள்ளே ஓட்டை இருப்பதால் இரண்டு கோடுகள் வேண்டும்.

கோவில்பட்டிக்குப் பழகிய கலை

கோவில்பட்டிக்கு இந்த நுணுக்கம் புதிதல்ல. நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிய ஓவியர் சி. கொண்டைய ராஜு (1898–1976) இந்த ஊரில்தான் தங்கினார். அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டர்களாக வீடுதோறும் சென்றன. வண்ண அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தகடு உண்டு. மை படவேண்டிய இடம் எது, படக்கூடாத இடம் எது என்று பிரிப்பதே அங்கே முக்கியமான வேலை. இன்று அதே வேலை கம்ப்யூட்டர் திரையில் நடக்கிறது.

செய்யும் முறை

'கிம்ப்' என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 'பாத்' கருவியால் பாட்டியைச் சுற்றி ஒரு கோடு போடுங்கள். அதே பாத்திலேயே காது வளையத்துக்குள் இன்னொரு கோடு போடுங்கள். கைக்கும் இடுப்புக்கும் நடுவே சந்து இருந்தால் அங்கும் ஒன்று. பிறகு அந்தப் பாத்தை 'செலக்ஷன்' ஆக மாற்றுங்கள். வேண்டிய பகுதி மட்டும் தேர்வாகிவிடும்.

நரைமுடிக்கு இந்தக் கோடு உதவாது; முடி கத்தரித்தது போல் ஆகிவிடும். அங்கே 'மாஸ்க்' போட்டு, மெல்லிய தூரிகையால் பதமாகத் தடவ வேண்டும். மாஸ்க் படத்தை அழிக்காது, மறைக்கத்தான் செய்யும். தவறினால் திரும்பக் கொண்டு வரலாம். முடிந்ததும் பின்னால் பளிச்சென்று சிவப்பைப் போட்டுப் பாருங்கள். விட்டுப்போன பந்தல் துண்டு உடனே கண்ணில் படும்.

பொத்தானை அழுத்தியதும் ஆளைத் தானாகப் பிரிக்கும் மென்பொருள்களும் வந்துவிட்டன. நேரம் மிச்சம்தான். ஆனால் பாம்படத்தைப் பந்தல் தோரணம் என்று எண்ணி அது வெட்டிவிடவும் கூடும். பாம்படம் இல்லாத பாட்டியைப் பேரப்பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியுமா?

ஆகவே, கடைக்குப் போகிறவர்கள் இரண்டு காரியம் செய்யுங்கள். முதலில் பழைய போட்டோவை ஸ்கேன் செய்யச் சொல்லி, அசலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பிரேம் போடுமுன் புதுப் படத்தை அசலின் பக்கத்தில் வைத்துக் காது, கை, முடி மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் சுவரில் மாட்டலாம்.