தோள் அறுவை: யாருக்கு எந்த ஊசி?

ஸ்கூட்டரிலிருந்து விழுந்தோ, குளியலறையில் வழுக்கியோ நம் வீட்டுப் பெரியவர்கள் தோளை முறித்துக் கொள்வது பெங்களூரில் அரிதல்ல. அறுவைக்கு முன் மயக்க மருந்து டாக்டர், "கழுத்தில் ஓர் ஊசி போடுவோம்" என்றதும் குடும்பமே திகைக்கும். தோளுக்கு எதற்குக் கழுத்தில் ஊசி?

தோளுக்கும் கைக்கும் செல்லும் நரம்புகள் கழுத்துத் தண்டுவடத்திலிருந்து புறப்பட்டு, கழுத்தின் பக்கவாட்டில் இரு தசைகளுக்கு நடுவே இறங்குகின்றன. அங்கே மருந்து செலுத்துவதே இண்டர்ஸ்கேலீன் பிளாக். 1970-ல் அமெரிக்க மருத்துவர் அலோன் வின்னி இதை விளக்கி எழுதினார். தோள் நன்றாக மரத்துப் போவதால், அறுவைக்குப் பின்னும் பல மணி நேரம் வலி தெரியாது.

ஆனால் ஒரு சங்கடம் உண்டு. மூச்சுக்கு ஆதாரமான உதரவிதானத்தை இயக்கும் நரம்பும் அருகிலேயே ஓடுகிறது. 20 மில்லிக்குக் குறையாமல் மருந்து செலுத்தும் பழைய முறையில், அந்தப் பக்கத்து உதரவிதானம் ஏறக்குறைய எல்லோருக்குமே சில மணி நேரம் செயலிழக்கும். நல்ல நுரையீரல் உள்ளவர் பெரும்பாலும் இதை உணர்வதில்லை. நுரையீரல் கெட்டவர் திணறிப் போகலாம். அல்ட்ராசவுண்டில் நரம்பைப் பார்த்துக் கொண்டே குறைந்த மருந்து செலுத்தினால் ஆபத்து குறையும். ஆனால் அறவே நீங்காது.

அத்தகையவர்களுக்கு மாற்று வழி, தோள்பட்டைப் பகுதியில் போடும் சூப்ராஸ்கேபுலர் பிளாக். தோள் மூட்டின் உணர்வில் சுமார் 70 சதவீதம் இந்த நரம்பின் வழியே செல்கிறது. அக்குள் நரம்பையும் சேர்த்து மரக்கச் செய்வதுண்டு. மூச்சுக்குத் தொல்லை மிகக் குறைவு, விரல்களும் அசையும். ஆனால் அறுவை முடிந்த முதல் சில மணி நேரத்தில் வலியடக்கும் திறன் சற்றுக் குறைவு. அறுவைக்கு இது மட்டும் போதாது. பொது மயக்கமும் தேவைப்படும்.

ஆகவே இரண்டில் எது சிறந்தது என்பதல்ல, யாருக்கு எது என்பதே கேள்வி. விடையில் பாதி நம்மிடம் இருக்கிறது. டாக்டர் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ கேட்பார். ஊரிலிருந்து வந்த பெரியவர் புரியாமலே "ஒன்றுமில்லை" என்று தலையாட்டி விடுவார். ஆஸ்துமா, பல வருட பீடிப் பழக்கம், படியேறினால் இளைப்பு, இரத்தம் உறையாதிருக்க மாத்திரை, சர்க்கரை நோயால் கை மரப்பு ஆகியவற்றை வீட்டார்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வீடு திரும்பிய பிறகும் கவனம் தேவை. மரத்த கைக்குச் சூடு தெரியாது. காப்பி டம்ளரை அந்தக் கையில் கொடுக்காதீர்கள். மரப்பு விலகும்போது வலி திடீரென்று ஏறும். டாக்டர் எழுதிய வலி மாத்திரையை அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். மூச்சுத் திணறினால் விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.