தேயிலை மலையில் கைவினையும் கதைநூலும்

பூவைத் தொடுக்கிறோம், மணியைக் கோக்கிறோம், பாயைப் பின்னுகிறோம், கூடையை முடைகிறோம், கூரையை வேய்கிறோம், பானையை வனைகிறோம். கையால் ஆக்கும் தொழில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வினைச்சொல் பெற்றிருப்பது நம் மொழியின் செல்வம். ஆயினும் மாலை, கூடை, பாய் ஆகியவற்றைப் பற்றி ஒவ்வொரு வாக்கியம் எழுதுக என்றால், மூன்றிற்கும் ‘செய்தார்’ என்னும் ஒரே சொல்லை எழுதும் பிள்ளைகளை இன்று வகுப்புகளிற் காண்கிறோம். இது சொற்பட்டியலை மனனம் செய்வித்துத் தீர்க்கத்தக்க குறை அன்று. முடைதலைக் கண்ணாற் காணாத பிள்ளைக்கு அச்சொல் வெறும் ஒலியே. செயலோடு வந்த சொல்லே நெஞ்சில் நிலைக்கும். அச்செயல் தொடங்கும் இடம் இல்லமே.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்தன. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் இறுதியாக வரும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்னும் மூன்றும், பெரியோர் உலகைச் சிறிதாக்கிக் கையில் ஏந்தும் விளையாட்டுகளே. குறுந்தொகையின் 61-ஆம் பாடலில், தச்சன் செய்து தந்த சிறு தேரில் ஏறிச் செல்ல இயலாவிடினும், அதனைக் கையால் இழுத்தே இளையோர் மகிழ்வதைப் புலவர் உவமையாக்குகிறார். பட்டினப்பாலையிலும் சிறுவர் உருட்டும் முக்காற் சிறுதேரைக் காண்கிறோம். விலை மிக்க பொருளன்று, கைக்கு எட்டும் பொருளே குழந்தைக்கு இன்பம் தருவது என்பது இவற்றால் விளங்கும்.

இனி, பகாங் மாநிலத்துக் கேமரன் மலையை நோக்குவோம். 1885-ஆம் ஆண்டில் இம்மலையை ஆராய்ந்த வில்லியம் கேமரன் பெயரால் இஃது அழைக்கப்படுகிறது. 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் என்பார் ‘போ’ தேயிலை நிறுவனத்தைத் தோற்றுவித்தார். காடழித்துத் தேயிலை நட்டு, கொழுந்து பறித்தவருள் தமிழர் மிகப் பலர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பதின்மர் உள்ள தோட்டத்தில் பள்ளி வேண்டும் என 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தமையால், தோட்டந்தோறும் தமிழ்ப்பள்ளி எழ வழி பிறந்தது. ஆனால் பள்ளி வயது எய்தாத மழலையர்க்கு ஆயாக் கொட்டகையும் லயத்து வீடுமே உலகம். தாயும் தந்தையும் விடியலிற் பெரட்டுக்குச் சென்றுவிட, மாலைப் பொழுது ஒன்றே குடும்பத்துக்கு எஞ்சியது.

இன்று நிலைமை வேறு. தமிழ்க் குடும்பங்கள் பல நகரங்களுக்குப் பெயர்ந்தன. தோட்ட வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளர் மிகுந்தனர். இரண்டு இலையும் ஓர் அரும்புமாக விரலாற் கிள்ளிய கொழுந்தைக் கத்தரியும் எந்திரமும் அறுக்கின்றன. தொழில் மாறும்போது, அதனோடு வாழ்ந்த சொற்களும் மெல்ல மறைகின்றன. கிள்ளுதல், கொய்தல், ஆய்தல் ஆகியவற்றின் வேறுபாட்டை ஒரு பாட்டி அறிவார், பேரன் அறியான். தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் சில தோட்டங்களிலும் இயங்கும் தமிழ்ப்பள்ளிகள் இவ்விடைவெளியைத் தனியே நிரப்ப இயலாது.

எனவே இல்லம் செய்யத்தக்கது யாது? மழையும் குளிரும் மிக்க இம்மலையில் மாலைப்பொழுது வீட்டுக்குள்ளேதான் கழியும். அப்போது தாய் செவ்வந்தியைத் தொடுக்கையில் குழந்தை நூலைப் பிடிக்கட்டும்; கீரையை ஆய்கையில் பழுத்த இலையை ஒதுக்கட்டும்; பாட்டி பழைய பிரம்புக் கூடையைப் பழுதுபார்க்கையில் அருகில் அமரட்டும். ‘தொடு’, ‘கோ’, ‘முடை’ என்று பெரியோர் இயல்பாய்க் கூறும் சொற்களே பாடமாகும்.

தேயிலை மலைக்கே உரிய கைவினை ஒன்றும் உண்டு. துருப்பிடித்த ஆணிகளைக் காடியில், அதாவது வினிகரில், இரண்டொரு நாள் ஊறவைத்து, அந்நீரிற் சில துளிகளை இறுகக் காய்ச்சிய தேயிலைச் சாற்றில் விட்டால் செந்நிறச் சாறு கருமையாகும். தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்புடன் கூடுவதே காரணம். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம்மவர் மை காய்ச்சியதும் இந்நெறியே. ஆணியையும் காடியையும் பெரியவரே கையாள வேண்டும். மை குழந்தையின் வாயிற் படலாகாது. வெறுந் தேயிலைச் சாற்றில் தோய்த்து உலர்த்திய தாளோ பழஞ்சுவடி போன்ற நிறம் பெறும். அத்தாள்களை மடித்து நடுவே தைத்தால் நூல் ஒன்று உருவாகும். குழந்தை படம் வரைய, அது சொல்வதைச் சொன்னவாறே தாய் அம்மையால் எழுத வேண்டும். தன் சொல்லே எழுத்தாவதைக் காணும் பிள்ளைக்குப் படிப்பு அச்சம் தருவதில்லை.

இவ்வாறு நூல் செய்த கை, பிறர் நூலையும் விருப்புடன் நாடும். அழ. வள்ளியப்பாவின் குழந்தைப் பாடல்களும், பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியமும், மலேசிய மண்ணின் மணங்கமழும் முரசு நெடுமாறனின் பாடல்களும் அதற்குத் துணையாவன. நாளும் கால் மணி நேரம் பெரியவர் உரக்கப் படிக்க, மடியிலிருந்து குழந்தை படத்தைச் சுட்டினாலே போதும்.

தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெற்றோரைப் பள்ளிக்கு அழைக்கும்போது மதிப்பெண் பற்றி மட்டும் பேசாது, வீட்டில் எவ்வெத் தொழில்கள் நடைபெறுகின்றன, அவற்றுக்கு என்னென்ன சொற்கள் வழங்குகின்றன என்றும் கேளுங்கள். தேயிலைச் செடியைக் கத்தரித்தலைக் குறிக்கும் ‘கவ்வாத்து’ போன்ற தோட்டச் சொற்களைப் பிள்ளைகளைக் கொண்டே திரட்டி, அவர்கள் தைத்த ஏட்டில் எழுதச் செய்யுங்கள். மலையை விட்டுக் குடும்பங்கள் இறங்கலாம். அவ்வேட்டோடு அவர்தம் சொற்களும் உடன் இறங்கி வாழும்.