தேய்ந்த காசு சொல்லும் செய்தி

வன்னியிலே வயல் உழுவோருக்கும் கிணறு வெட்டுவோருக்கும் சில வேளைகளிற் பழஞ்செப்புக்காசு ஒன்று அகப்படுவதுண்டு. களிம்பேறி, எழுத்தழிந்து, முகம் மழுங்கிய அதனைச் செல்லாக்காசென்று எறிந்துவிட நம் கை முந்தும். ஆயினும், அது உரோம நாட்டுக் காசாயின், அதன் தேய்வே நமக்கு ஒரு சாசனமாகும்.

இலங்கையிற் கிடைத்த உரோமக் காசுகளுள் மிகப் பெரும்பாலானவை பொன்னுமல்ல, வெள்ளியுமல்ல, கி. பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சிறு செப்புக்காசுகளே. பெட்டகத்திற் கிடந்த காசு தேய்வதில்லை. பலர் கைமாறிய காசே தேயும். எனவே, இவை சாதாரண மக்களிடையே புழங்கியவை என்பது பெறப்படும். இவற்றையொத்த காசுகள் தமிழகத்தில் மதுரையிலும் கரூரிலும் கிடைத்துள்ளன. அங்கே பாதி தேய்ந்து, கடல் கடந்து வந்து, இங்கே மீதி தேய்ந்தனவும் இவற்றுள் இருத்தல் கூடும். இவற்றைப் பார்த்து உள்நாட்டிலேயே செய்யப்பட்டனவென ஆய்வாளர் கருதும் காசுகளும் உள. கடல் கடந்து வந்தவை சந்தைத் தேவைக்குப் போதவில்லை போலும்!

இதற்குச் சில நூற்றாண்டுகள் முன்னர் நிகழ்ந்ததாக உரோம ஆசிரியர் பிளினி ஒரு செய்தி கூறுகிறார். கிளோடியசு பேரரசன் காலத்தில் (கி. பி. 41–54) இலங்கை மன்னன் உரோம வெள்ளிக்காசுகளைக் கண்டானாம். அவற்றிலே முகங்கள் வேறாயினும் நிறை ஒன்றாயிருக்கக் கண்டு, அந்நாட்டாரின் நேர்மையை வியந்தானாம். மன்னன் நிறையை நம்பினான். பின்னாளிலோ, தேய்ந்து நிறை குறைந்த செப்பையும் மக்கள் ஏற்றனர். வாணிகம் அத்துணை வேரூன்றியிருந்தது.

அவ்வாணிகத்தின் வாயில் வன்னிக்கு அயலிலேயே இருந்தது. மன்னார்க் கரையிலுள்ள மாதோட்டத்தில் 1980 முதல் 1984 வரை நடந்த அகழ்வாய்வு, பாரசீகம், சீனம் ஆகிய நாடுகளின் மட்பாண்டங்களையும் வெளிக்கொணர்ந்தது. அநுராதபுரத்திலிருந்து வரும் அருவியாறு, வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளப் பக்கமாக ஓடி, அத்துறைக்குத் தெற்கே கடலிற் கலக்கிறது. உள்நாட்டையும் கடலையும் இணைத்த நிலம் வன்னி. இங்கே ஓர் உரோமக் காசு கிடைப்பின், வாணிகம் சென்ற வழியில் ஓர் அடிச்சுவடு கிடைத்ததாகும்.

ஆனால், எங்கே, எந்த ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்று அறியப்படாத காசு வாயற்ற சாட்சியே. ஆதலின், வாசக நேயர்களே, பழங்காசைக் கண்டால் புளியிட்டுத் தேய்க்காதீர்கள், விலைபேசவும் வேண்டாம். தொல்பொருள்களைக் காக்க 1940ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டுள்ளது. கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாகத் தேய்ந்தும் அழியாது நின்ற சாட்சியம் நம் கையால் அழிந்ததென்ற பழி நமக்கு வேண்டாம்.